சொந்தக்காரரை ஃபேஸ்புக்கில் அன்ஃப்ரெண்ட் பண்ணலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கேன். அக்கா வீட்டு அத்தான் ஃபேஸ்புக்கில் நாள் முழுக்க அரசியல் பதிவு போடுதாங்க, என்னையும் டேக் பண்ணுதாங்க. அன்ஃப்ரெண்ட் பண்ணிட்டா தப்பா?

பதில்: பண்ணாதீங்க. உங்களுக்கு வேண்டியது தொல்லை தீரணும், அவ்வளவுதான். அதுக்கு அத்தானுக்குத் தெரியாமலே வழி இருக்கு.

அன்ஃப்ரெண்ட் பண்ணினா ஃபேஸ்புக் அவங்களுக்குத் தகவல் அனுப்பாது. ஆனா உங்க பக்கத்தை ஒருதடவை திறந்தாலே ‘ஃப்ரெண்ட்ஸ்’னு இருந்த இடத்துல ‘ஆட் ஃப்ரெண்ட்’னு நிக்கும். மனசு மாறித் திரும்பச் சேர்க்கணும்னா புது ரெக்வெஸ்ட்தான் போகணும். அதைப் பார்க்கும்போதுதான், இவ்வளவு நாள் லிஸ்ட்ல இல்லைங்கிற சங்கதியே பல பேருக்குத் தெரிய வருது.

நம்ம பக்கம் இதை போன் சமாச்சாரமா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. கல்யாணப் பத்திரிகை வைக்காம விட்ட கணக்குலதான் சேர்ப்பாங்க. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல பொங்கல் விடும்போது, அடுத்த செங்கல் அடுப்புக்கு ஓலை தள்ளிக்கிட்டு அதே அத்தான்தான் நிப்பாங்க. அக்கா ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்குவா.

முதல்ல டேக்கைச் சரி பண்ணுங்க. செட்டிங்ஸ்ல ‘ப்ரொஃபைல் அண்ட் டேகிங்’ போய், டேக் பண்ணின பதிவை நீங்க பார்த்து அனுமதிச்ச பிறகுதான் உங்க பக்கத்துல வரணும்னு ரிவ்யூவை ஆன் பண்ணுங்க. இதுல ஒரு விஷயம்: உங்க பக்கத்துலதான் தடுக்கும். அத்தானோட பதிவுல உங்க பேரு அப்படியே இருக்கும். அதையும் எடுக்கணும்னா அந்தப் பதிவோட மூணு புள்ளியைத் தொட்டு ‘ரிமூவ் டேக்’ கொடுக்கணும்.

அடுத்து, அவங்க பதிவு கண்ணுல படாம இருக்க, அவங்க பக்கத்துல ‘ஃப்ரெண்ட்ஸ்’ பட்டனைத் தொட்டு ‘அன்ஃபாலோ’. நட்பு அப்படியே இருக்கும். தேர்தல் நேரத்துக்கு மட்டும் போதும்னா 30 நாள் ‘ஸ்னூஸ்’ இருக்கு.

உங்க பதிவை அவங்க பார்க்க வேண்டாம்னா அதே பட்டன்ல ‘எடிட் ஃப்ரெண்ட் லிஸ்ட்’ போய் ‘ரெஸ்ட்ரிக்டட்’ல அவங்களைச் சேர்த்திருங்க. பல பேர் கோட்டை விடுறது இங்கதான். ரெஸ்ட்ரிக்டட்ல இருக்கவங்களுக்கு ‘பப்ளிக்’ பதிவு எல்லாம் தெரியும். நீங்க போடுறதெல்லாம் பப்ளிக்ல இருந்தா ரெஸ்ட்ரிக்டும் வீண், அன்ஃப்ரெண்டும் வீண். இனிமே போடுறதை ‘ஃப்ரெண்ட்ஸ்’னு மாத்துங்க. பழசுக்கு ப்ரைவசி செட்டிங்ஸ்ல ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ இருக்கு, எல்லாத்தையும் ஒரே தட்டுல மாத்திரும்.

வாட்ஸ்அப் குடும்ப குரூப்பை விட்டும் வெளியேறாதீங்க. 2022-லிருந்து, யாராவது விலகினா வாட்ஸ்அப் அட்மினுக்கு மட்டும்தான் சொல்லும் என்பது சரிதான், ஆனா 60 நாளைக்குள்ள விலகினவங்க பட்டியலை குரூப்ல யாரும் திறந்து பார்க்கலாம். ‘எப்போதும்’னு மியூட் போட்டு ஆர்கைவ் பண்ணினா போதும்.

பிளாக் ஆபாசமா அனுப்புறவங்களுக்கும் பண மோசடிக்கும் மட்டும். அங்கே தயங்கவே வேண்டாம், சொந்தமா இருந்தாலும் சரி. பிளாக் பண்ணினாலே நட்பும் போயிரும், அன்பிளாக் பண்ணினாலும் திரும்ப வராது. பிளாக்கை எடுத்த ஆளை மறுபடி பிளாக் பண்ண 48 மணி நேரம் காத்திருக்கணும்.

யாருன்னே நினைவு வராத பேரு, எந்தக் கல்யாண வீட்டிலயோ பார்த்து ரெக்வெஸ்ட் அனுப்பினவங்க, இவங்களைத் தாராளமா லிஸ்ட்ல இருந்து எடுங்க. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ‘லிஸ்ட் க்ளீன் பண்ணுறேன், தப்பிச்சவங்க லைக் போடுங்க’ன்னு பதிவும் போட வேண்டாம். அது எடுக்காதவங்களையும் புண்படுத்தும். ஊர்க் கோயில் கொடை, சடங்கு, கல்யாணம் பக்கத்துல இருந்தா அது முடிஞ்ச பிறகு பண்ணுங்க. இல்லைன்னா பந்தியில அதுதான் பேச்சா இருக்கும்.

அத்தான், “என்ன மாப்ளே, டேக் பண்ணினா வரமாட்டேங்குதே”ன்னு கேட்டா மழுப்பாதீங்க. “ஆபீஸ் ஆட்களும் பார்க்காங்க அத்தான், அரசியல் பதிவுல மட்டும் என் பேரைப் போடாதீங்க. பிள்ளைக போட்டோவுல போடுங்க”ன்னு சொல்லுங்க.