ஒரு நோயாளிக்கு எதற்கு இத்தனை விசாரணை?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. இரண்டு மாதம் முன்புவரை வங்கிக் கணக்கையெல்லாம் அவரேதான் பார்த்துக்கொண்டார். திடீரென்று நடை தள்ளாடியது. வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நின்றார். இப்போது பேச்சே இல்லை. கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட கை காலைத் தூக்கிப் போடுகிறது. சிஜேடி என்ற மூளை நோய், மருந்து கிடையாது என்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்கான தேசியக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரும் நர்ஸும் வந்து ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய ஆபரேஷன்வரை. இறந்த பிறகு மூளையைப் பரிசோதிக்க அனுமதி தருவீர்களா என்றும் கேட்டுவிட்டுப் போனார்கள். காப்பாற்ற முடியாதவருக்கு இதெல்லாம் எதற்கு? எங்களுக்கும் தொற்றுமா? என் தம்பி அடிக்கடி ரத்ததானம் செய்பவன்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அப்பாவின் கையைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டாலோ, முத்தமிட்டாலோ, அவர் இருமினாலோ இந்த நோய் ஒட்டாது. தனி அறையும் வேண்டாம், தனித் தட்டும் வேண்டாம். இதே நோயில் கிடந்த ஒரு தாயின் கட்டிலுக்கு நாலடி தள்ளி, மாஸ்க்கும் கையுறையுமாக மூன்று நாள் நின்ற மகனைப் பார்த்திருக்கிறேன். யாரோ தப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்த மூன்று நாள் திரும்பக் கிடைக்கவில்லை.

இது கிருமியால் வருவதில்லை. நம் எல்லோர் மூளையிலும் பிரியான் என்ற புரதம் இருக்கிறது. அதில் ஒன்று தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கும். கூடாத சேர்க்கைதான். அது மூளை முழுக்கப் பரவி நரம்பணுக்கள் அழிகின்றன. நூறு பேரில் 85 பேருக்கு இது ஏன் தொடங்கியது என்று சொல்லவே முடியாது. 10 முதல் 15 பேருக்கு மரபணுக் கோளாறு. வெளியிலிருந்து வந்து சேர்ந்தது மிக மிகக் குறைவு.

சரி, கண்காணிப்பு எதற்கு? பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இந்த நோய் வரும். பெரிய மருத்துவமனையில் வேலை செய்யும் நரம்பியல் நிபுணர்கூடத் தன் வாழ்நாளில் சிலரைத்தான் பார்ப்பார். அங்கொன்று இங்கொன்றாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நாடு முழுக்க வரும் நோயாளிகளை ஒரே குழு, ஒரே அளவுகோலோடு பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். 1986-ல் அங்கே மாடுகளுக்கு ‘மேட் கவ்’ என்ற மூளை நோய் வருவது கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதருக்கும் வருமா என்ற சந்தேகத்தில் 1990-ல் எடின்பரோவில் ஒரு கண்காணிப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சிஜேடி நோயாளியையும் நேரில் போய்ப் பார்ப்பது, குடும்பத்திடம் உட்கார்ந்து கேட்பது, இறந்த பிறகு மூளையை வாங்கிப் பரிசோதிப்பது, இதுதான் வேலை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் செய்ததும் அதேதான். சாதாரண சிஜேடி பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் வருவது. 1996-க்குள் இளம் வயதினர் பத்துப் பேர் பட்டியலில் சேர்ந்திருந்தார்கள். மனச்சோர்வு என்று முதலில் மனநல மருத்துவரிடம் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நடுவில் புரதக் கட்டி, சுற்றிலும் இதழ்கள் மாதிரி வெற்றுக் குழிகள். பூப்போல இருந்த அந்த அடையாளம் அதுவரை சிஜேடியில் பார்க்காதது. மாட்டிடமிருந்து மனிதருக்கு வந்த புது வகை அது. பின்னாளில் பிரிட்டனில் மட்டும் 178 பேர் அதற்குப் பலியானார்கள். அந்தப் பத்துக் குடும்பங்களும் ‘போனவர் போய்விட்டார், இனி எதற்கு’ என்று மறுத்திருந்தால் எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய ஆபரேஷனைப் பற்றிக் கேட்டதும் வெட்டி விசாரணை இல்லை. குள்ளமான குழந்தைகளுக்குப் போட்ட வளர்ச்சி ஹார்மோன் ஊசி, பல நாடுகளில் 1985 வரை, இறந்தவர்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வழியாகச் சிலருக்கு சிஜேடி வந்தது. அப்புறம், மூளை ஆபரேஷனில் ஒட்டுப்போட இறந்தவர்களின் மூளை உறையைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானில் மட்டும் 140 பேருக்கு மேல் அதனால் சிஜேடி வந்தது. ஊசி போட்டு முப்பது வருடம் கழித்துக்கூட நோய் தலைகாட்டியிருக்கிறது. இந்தப் புரதம் ஆல்கஹாலுக்கும் ஃபார்மலினுக்கும் மசியாது. கருவிகளை 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைப்பது போன்ற கடுமையான முறைகள் வேண்டும். எனவே அப்பாவுக்குச் சமீபத்தில் மூளையிலோ கண்ணிலோ ஆபரேஷன் ஆகியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் கருவிகள் அடுத்து யாருக்குப் பயன்பட்டன என்று தேட வேண்டியிருக்கும்.

தம்பி விஷயம். பிரிட்டனில் இந்த நோயாளிகளின் பெயர்களை ரத்ததானப் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், மாட்டிடமிருந்து வந்த வகை ரத்தம் வழியாகவும் பரவியது 2003-ல் தெரியவந்தது. சாதாரண சிஜேடி அப்படிப் பரவியதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் அப்பாவின் மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை தம்பி தானத்தை நிறுத்திவைக்கட்டும். ரத்த வங்கியில் காரணத்தையும் சொல்லட்டும். அந்தப் பரிசோதனை அப்பாவின் ரத்தத்தில் செய்வது. கோளாறு இல்லையென்றால் உங்களுக்கான ஆபத்து ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான். இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போதும் ‘எனக்கு இருக்கிறதா’ என்று நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மரபணு ஆலோசகரிடம் பேசாமல் அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியா என்று பார்த்துவிட்டார்களா? பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஸ்டீராய்டு கொடுத்தால் தேறுகிறவர்களும் உண்டு. எம்ஆர்ஐ, முதுகுத் தண்டு நீரில் தப்பாக மடிந்த பிரியானைத் தேடும் ஆர்டி-குயிக் சோதனை இரண்டும் சிஜேடி என்று சொன்னால் தவறாகப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. இவற்றைக் கண்காணிப்புப் பிரிவின் நிபுணர்கள் இன்னொரு முறை பார்ப்பது உங்கள் அப்பாவுக்கு நேரடியாகக் கிடைக்கும் லாபம்.

மூளைப் பரிசோதனைக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நூறு சதவீதம் உறுதி என்று சொல்ல அது ஒன்றுதான் வழி. முகம் மாறாது, நீங்கள் கடைசியாகப் பார்க்கலாம். முடிவு வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். என் அப்பாவாக இருந்தால் நான் சம்மதிப்பேன். ஆனால் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

கை கால் தூக்கிப் போடுவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். அவரைத் தொடும் முன் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த அறைக் கதவின் ஓரத்தில் ஒரு துணியை மடித்துக் கட்டிவிடுங்கள், சத்தமில்லாமல் சாத்தும்.