ஐடிஇ-யில் ஐடி படிக்க விடலாமா?

கேள்வி: மகன் இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளி 'என்' நிலைத் தேர்வு எழுதியிருக்கிறான். சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇ-யில் தகவல் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கவா இவ்வளவு கஷ்டப்பட்டோம்?" என்கிறார் அவன் அப்பா. என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: தாராளமாகச் சேர விடுங்கள், அக்கா. நானும் ஐடிஇ-யில் படித்து, அங்கிருந்து பாலிடெக்னிக் போய், இன்று நெட்வொர்க் வேலை பார்ப்பவன்தான். கைவேலை என்று அண்ணன், அதாவது உங்கள் கணவர், ஒதுக்கும் வேலைக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கேபிளை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. அவற்றை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரி பிளக் மாட்டினால், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் கேபிள் உருப்படாது. வேகம் படுத்துவிடும், இணைப்பு விட்டு விட்டு வரும். காரணம், பிளக்கின் மூன்றாவது முள்ளும் ஆறாவது முள்ளும் சேர்ந்துதான் ஒரு சிக்னலைச் சுமக்கின்றன. அந்த இரண்டிலும் ஒரே ஜோடியின் கம்பிகள் இருந்தால்தான் முறுக்கு வெளி இரைச்சலை அடக்கும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் அவை வேறு வேறு ஜோடியாகிவிடும். விளக்கு எரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் உண்டு. "எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் இழுக்கிறது?" என்று உட்கார்ந்து குடைபவன்தான் இந்தத் துறைக்கு வேண்டும். வீட்டில் வைஃபை நின்றால் உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று கவனித்துப் பாருங்கள். திட்டுகிறானா, தேடுகிறானா?

2022 முதல் ஐடிஇ பாடங்கள் படிப்படியாக மூன்றாண்டு ஹையர் நைடெக்காக, அதாவது நைடெக் சான்றிதழுக்கு அடுத்த உயர்நிலைச் சான்றிதழ் படிப்பாக, மாறி வந்திருக்கின்றன. முன்புபோல் நைடெக் முடித்துவிட்டு இன்னொரு முறை இடத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக் கதவைத் திறப்பது ஜிபிஏ என்ற சராசரித் தரப்புள்ளி. இதை முதல் பருவத்திலேயே அவன் மண்டையில் ஏற்றுங்கள். கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டு தவித்த நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கையும் விட்டுவிடக் கூடாது, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள ஐபி முகவரிகளைப் பிரிக்கும் பாடத்தில், 0, 1 மட்டும் வரும் இருமக் கணக்கு இல்லாமல் ஓர் அடி நகராது.

வளாகங்கள் ஆங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் என மூன்று. ஈசூனிலிருந்து ஆங் மோ கியோ பக்கம்தான். ஆனாலும் தூரத்தைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நெட்வொர்க்கா, மென்பொருளா, இணையப் பாதுகாப்பா என்பதை அவனே முடிவு செய்யட்டும். வளாகம் பார்க்கப் போகும்போது அண்ணனையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். அங்குள்ள விரிவுரையாளரிடம் அவர் மனத்தில் இருப்பதை நேராகவே கேட்கட்டும்.