ஆங்கிலத்தில் 'டூ' எங்கே, 'செக்கன்ட்' எங்கே?

ஆங்கிலத்தில் 'டூ' என்பதற்கும் 'செக்கன்ட்' என்பதற்கும் என்ன வேறுபாடு, மாற்றி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ படிவம் நிரப்பும்போது எழுந்த ஐயமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். முதற்பகுதிக்கு விடை சுருக்கமானது: எத்தனை என்றால் 'டூ', எத்தனையாவது என்றால் 'செக்கன்ட்'. இரண்டாம் பகுதிக்காகவே நான் எழுத வந்தேன்.

எங்கள் வீடு கிளிநொச்சியில். 2009 இடப்பெயர்வில் குடும்பத்தின் ஆவணங்கள் யாவும் தொலைந்தன. கனடாவிலுள்ள கணவரிடம் செல்லத் தங்கை விண்ணப்பித்தபோது, அம்மா கொடுத்த சத்தியக்கடதாசியில் 'இவர் எனது இரண்டாவது பிள்ளை' என்று தெளிவாகவே இருந்தது. அதை ஆங்கிலமாக்கியவர் 'டூ சில்ட்ரன்' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். அதைப் படித்த அதிகாரி தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதாக விளங்கிக்கொண்டு, அப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை அனுப்புமாறு கேட்டார். பிள்ளையே பெறாத ஒருத்தி, தனக்குப் பிள்ளை இல்லை என்பதை நிரூபிக்கக் கிராம அலுவலரிடமும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்திலும் கடிதத்துக்காக அலைந்தாள். மொழிபெயர்த்தவரோ 'இரண்டும் ஒன்றுதானே' என்றார். ஏழைகளிடம் பக்கக் கணக்கில் காசு வாங்குபவர், அந்தப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் படித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது தவறாகாது.

நான் ஆங்கில ஆசிரியர் அல்லன். இலக்கணம் கற்றவர்கள் இதைவிட நுணுக்கமாகச் சொல்லக்கூடும். ஆனால் படிவம் நிரப்புவோருக்கு வேண்டியதை என்னால் சொல்ல முடியும். வரிசையைக் குறிக்கும் சொல் பெயருக்கு முன்னால் வரும். வாக்கியத்தில் பெரும்பாலும் 'த' என்னும் சுட்டுச்சொல்லையோ 'மை' போன்ற உடைமைச் சொல்லையோ முன்னே பெற்று, 'மை செக்கன்ட் சைல்ட்' என்றாகும். எண் பெயருக்குப் பின்னால் போனால் வெறும் எண்ணாகவே நிற்கும். புதுக்குடியிருப்பு 2ஆம் வட்டாரத்தில் இருப்பவர் தம் முகவரியைச் 'செக்கன்ட் வார்ட்' என்றும் எழுதலாம், 'வார்ட் டூ' என்றும் எழுதலாம். 'டூ வார்ட்ஸ்' என்று எழுதினால் அது இரண்டு வட்டாரங்களாகிவிடும். 'கிரேட் ஃபைவ்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதும் இந்த முறைப்படியே.

திகதியில் மட்டும் எழுத்தும் வாசிப்பும் வேறுபடும்: '18 மே' என்று வெறும் எண்ணாக எழுதியிருந்தாலும், பிரித்தானிய வழக்கில் 'த எய்டீன்த் ஒஃப் மே' என்றே வாசிப்பர்.

இலக்கத்துடன் ஈற்றெழுத்துச் சேர்ப்பதிலும் கவனம் தேவை. 1, 2, 3 ஆகியவை முறையே 'எஸ்டி', 'என்டி', 'ஆர்டி' என்னும் எழுத்துகளைப் பெறும். 4 முதல் 20 வரை அனைத்துக்கும் 'டிஎச்'. 21, 22, 23 வந்ததும் மறுபடி முதல் மூன்றின் எழுத்துகளே வரும். ஆனால் 111, 112, 113 ஆகியவை 11, 12, 13 போலவே 'டிஎச்' பெறும்.