காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

சிவராத்திரிக்கு வெள்ளியங்கிரி ஏறினேன். பூண்டி அடிவாரத்திலேயே விண்ட்சீட்டர் போட்டுக்கொண்டேன். ஏழாவது மலைக்குப் போவதற்குள் பனியன் தொப்பலாகிவிட்டது. உச்சியில் நடுக்கம் தாங்கவில்லை. ஜாக்கெட்டில் கோளாறா?
– பொள்ளாச்சி வாசகர்

கோளாறு இல்லை, நனைத்தது உங்கள் வியர்வை. விலை குறைந்த விண்ட்சீட்டர்களில் பெரும்பாலும் துணியின் உட்புறம் பாலியூரித்தேன் கோட்டிங் இருக்கும். காற்றும் தூறலும் உள்ளே வராது. வியர்வை ஆவியும் வெளியே போகாது. ஏற்றத்தில் சேர்ந்த ஈரம், நீங்கள் நின்றதும் உடல் சூட்டை இழுத்துவிடுகிறது. பருத்திப் பனியன் என்றால் இன்னும் மோசம், அந்தக் குளிரில் காயவே காயாது.

மலையேற்றத்துக்கு, கோட்டிங் இல்லாமல் நெருக்கி நெய்த நைலான்தான் சரி. 20 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) துணியில் தைத்தது 100 முதல் 150 கிராம்தான் இருக்கும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதுங்கள். துளியும் போகாவிட்டால் கோட்டிங் போட்டது. தாராளமாகப் போனால் மலைக்காற்றுக்கு நிற்காது. முக்கி ஊதினால் லேசாகக் கசிகிறதா, அதை வாங்குங்கள்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். ஏறும்போது பாலியெஸ்டர் டீ-ஷர்ட் போதும், ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். உச்சியில் நின்றவுடன், உடம்பு ஆறுவதற்குள் உலர்ந்த சட்டைக்கு மாறி, மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணியில் தைத்த மேலாடை) போட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டை அணியுங்கள். இவ்வளவு மெல்லிய ஜாக்கெட் தானாகச் சூடு தராது. உள்ளே இருக்கும் சூட்டைக் காற்று அடித்துப்போகாமல் காக்கும், அவ்வளவுதான்.

பீரோவில் வைத்திருந்த விண்ட்சீட்டர் உட்புறம் பிசுபிசுக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது. சரிசெய்ய முடியுமா?
– சென்னை வாசகர்

முடியாது. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனைச் சிதைத்துவிட்டது. கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். அடுத்ததையாவது அரை ஈரத்தோடு அதன் சின்னப் பைக்குள் திணிக்காமல், நன்றாக உலர்த்தி ஹேங்கரில் மாட்டுங்கள். துவைக்கக் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்புத் திரவமும் போதும். வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர் கூடவே கூடாது. அது பட்டால், முத்து முத்தாக உருண்டோட வேண்டிய தண்ணீர் துணியில் ஊறத் தொடங்கும்.

இதையே பைக் ஓட்டும்போது போடலாமா?
– ஓசூர் வாசகர்

குளிருக்குப் போடலாம், பாதுகாப்புக்கு நம்பக் கூடாது. விழுந்து தார்ச்சாலையில் உரசினால் மெல்லிய நைலான் உடனே கிழியும். உரசும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டவும் செய்யும். தோள், முழங்கையில் பேட் வைத்த ரைடிங் ஜாக்கெட்டுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்.