ஊசியிலை மரத்தின் உள்பக்கம் பழுப்பாகிறது, பாதியாக வெட்டினால் துளிர்க்குமா?

வாசலில் அழகுக்கு வைத்த ஊசியிலை மரங்கள் உள்பக்கம் பழுப்பாகிக் கொட்டுகின்றன, அகலமாகிப் பாதையையும் அடைக்கின்றன, பாதியாக வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தரியை எடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து கீழே வையுங்கள்.

முதலில் பழுப்பு. எப்போதும் பச்சையாக நிற்கும் மரமும் இலை உதிர்க்கத்தான் செய்யும். வெள்ளைப் பைனின் ஊசி 2, 3 வருடம்தான் நிற்கும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் 5 வருடத்துக்கு மேலும் தங்கும். ஆயுள் முடிந்தவை தண்டை ஒட்டியவை என்பதால் இலையுதிர் காலத்தில் உள்பக்கம்தான் மஞ்சளாகிக் கொட்டும். நுனியெல்லாம் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. நுனியே காய்ந்தால் வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். வெயிலும் வறட்சியுமாக இருக்கும்போது நிறம் மங்கினால், வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனாக இருக்கலாம்.

இப்போது வெட்டும் விஷயம். எங்கள் வீட்டுப் பாதையோரம் ஒரு வரிசை லேலண்ட் சைப்ரஸ் நின்றது, வரிசையின் கடைசியில் ஒரு யூ மரம். நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் தோட்ட வேலைக்கு வந்தவர், பாதை குறுகலாக இருக்கிறதென்று தானே முடிவெடுத்து, பாதைப் பக்கம் முழுவதையும் மின் கத்தரியால் கட்டை தெரிய வழித்துவிட்டார். கேட்டதற்கு, “அடுத்த வசந்தத்தில் மூடிக்கொள்ளும்” என்றார். மூடவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன, அந்தப் பக்கம் இன்றும் வெறும் குச்சிதான். அதே கத்தரி பட்ட யூ மட்டும் மொட்டைத் தண்டிலிருந்தே துளிர்விட்டு, மெதுவாகப் பழையபடி அடர்ந்துவிட்டது. யூவின் பழைய கட்டையில் உறங்கும் மொட்டுகள் இருக்கும். சைப்ரஸ், துஜா, ஜூனிப்பர், பைன் ஆகியவற்றில் இலை போன கட்டை பொதுவாகத் திரும்பத் துளிர்க்காது.

மரம் போனதைவிட, கேட்காமல் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெயின்ட் அடிக்க வந்தவர் சுவரில் படர்ந்த கொடியை அறுத்துப் போட்டார். குழாய் சரிசெய்ய வந்தவர் நல்ல கதவைக் கழற்றி மழையில் சாய்த்துவிட்டுப் போனார். வீட்டுக்காரரிடம் ஒரு போன் போட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நான் தோட்டக்கலை படித்தவனில்லை. “என் வீட்டுத் துஜா வெட்டிய பிறகும் துளிர்த்ததே” என்று யாராவது வருவார்கள். துளிர்த்திருக்கும், வெட்டிய இடத்துக்குக் கீழே கொஞ்சம் பச்சை மிஞ்சியிருந்திருக்கும். கிரிப்டோமேரியா என்ற ஜப்பானிய ஊசியிலை மரம் போன்ற விதிவிலக்குகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதிவிலக்கை நம்பி வாசல் மரத்தில் கை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் செய்யக்கூடியது, பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே வருடாவருடம் கொஞ்சமாகக் கவாத்து செய்வது. பைன் என்றால் வசந்தத்தில் நீளும் இளங்குருத்தை, ஊசி விரியும் முன் பாதியாகக் கிள்ளிவிடுங்கள், மரம் அடர்த்தியாகும்.

‘குட்டை ரகம்’ என்று சொல்லி விற்றிருந்தால், அதுவும் வளர்ச்சியை நிறுத்தாது. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் கணக்கில், வருடத்துக்கு சுமார் 2.5 முதல் 15 செ.மீ. வளர்வதுதான் குட்டை. அப்படியென்றால் 10 வருடத்தில் ஒன்றரை மீட்டர்கூட ஆகலாம். லேலண்ட் சைப்ரஸோ நல்ல மண்ணில் வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை போகும். அண்டை வீட்டுக்காரர்கள் உயர்ந்த வேலிகளுக்காகச் சண்டை போட்டு, 2003-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2 மீட்டருக்கு மேற்பட்ட பசுமை வேலிகளைப் பற்றிச் சட்டமே வந்தது.

இடம் உண்மையிலேயே போதவில்லை என்றால் மரத்தை எடுத்துவிட்டு, கவாத்தைத் தாங்கும் யூவை வையுங்கள். அதன் இலையும் விதையும் கடும் விஷம், அதனால் சின்னக் குழந்தைகளோ கால்நடையோ இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.