துறைமுகத்துக்குள் மீன்குஞ்சு தங்குமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகச் சுவரில் சிப்பி ஓடு நிரப்பிய கூண்டுகளைத் தொங்கவிட்டால் குஞ்சுகள் சேரும் என்கிறார்கள். நாங்களே செய்து மாட்டலாமா?

பதில்: துறைமுக நிர்வாகத்தின் அனுமதி இருந்தால் மாட்டலாம். ஆனால் வெல்டிங் பட்டறைக்குப் போகுமுன் தண்ணீரைப் பாருங்கள். ஆக்சிஜன் மீட்டரை விடியுமுன் இறக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் சுவாசித்து ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் நேரம் அதுதான். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே அடிக்கடி இறங்கும் மூலையில் கூண்டு மாட்டுவது வீண். நடுப்பகலில் அளந்து 'திருப்தி' என்று எழுதுகிற அறிக்கையை நம்பாதீர்கள்.

செங்குத்தான கான்கிரீட் சுவரில் குஞ்சு ஒளிய ஒரு பொந்துகூட இல்லை. பிரான்சின் மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் மாட்டப்படும் 'பயோஹட்' அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. அதில் இரண்டு கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 80 செ.மீ., 50 செ.மீ., 25 செ.மீ. முதல் கூண்டில் 2.5 செ.மீ. கண்ணி, அதில் ஓடு நிரப்புவார்கள். அதை ஒட்டிய இரண்டாவது கூண்டு காலி, கண்ணி 5 செ.மீ. குஞ்சு உள்ளே நுழையும், துரத்தி வரும் பெரிய மீன் நுழையாது. செலவு மிச்சமாகட்டும் என்று பலர் விட்டுவிடுவது இந்தக் காலிக் கூண்டைத்தான். அது இல்லாவிட்டால் குஞ்சுகளை ஓரிடத்தில் திரட்டிப் பெரிய மீனுக்கு விருந்து வைத்த கதையாகிவிடும்.

ஓட்டில் சதை ஒட்டியிருக்கக் கூடாது. சில மாதம் வெயிலில் காயட்டும். நிரப்பிய கூண்டு 100 லிட்டர் கொள்ளளவு, கையால் தூக்குகிற எடை இல்லை. போகப்போக மட்டியும் ஒட்டி வளரும் பார்னக்கிளும் ஏறி இன்னும் கனக்கும், அதனால் கொக்கியையும் சங்கிலியையும் அந்தப் பாரத்துக்குக் கணக்கிடுங்கள். கால்வனைஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால், உப்புத்தண்ணீரில் போல்ட் பளபளவென்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள கம்பிதான் முதலில் அரித்துப்போகும். மேல்விளிம்பு மிகத் தாழ்ந்த வற்றத்திலும் நீருக்குள் இருக்க வேண்டும். அடிவிளிம்பு சேற்றைத் தொடவே கூடாது: பழைய பெயின்ட், டீசல் கசடு எல்லாம் அங்கேதான் படிந்திருக்கிறது. விசைப்படகு உரசாத உள்மடிப்பாகப் பார்த்து மாட்டுங்கள்.

மாட்டுவதற்கு முன்பும் பின்பும், அதே நேரம் அதே நிமிடக் கணக்கில், விரல் நீளத்துக்குக் குறைந்த மீன்களை எண்ணுங்கள். கூண்டில்லாத சுவரிலும் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். அந்த இடத்தில் தூண்டிலும் வலையும் போடாமல் இருக்க ஊரில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் திட்டத்தையே விட்டுவிடலாம்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் நட்ட அலையாத்திக் கன்றுகள் எல்லாம் செத்துவிட்டன. ஏன்?

பதில்: பெரும்பாலும் மட்டம்தான் காரணம். ஆளில்லாத சேற்றுத்திட்டு எளிதாகக் கிடைக்கும் என்று அங்கே நடுகிறார்கள். சராசரி கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நாளில் பாதிக்கு மேல் மூழ்கிக் கன்று அழுகிவிடும். மேட்டில் நட்டால் உப்பு ஏறிக் கருகும். நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் குறைவு என்பதால் சரியான பட்டை மிகக் குறுகல்.

பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கையாண்டது மீன்முள் வாய்க்கால் முறை. உப்பு ஏறிய மேட்டுக்கும் ஓதநீர் போய்வர, ஓடையிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகக் கிளைகள், வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் வெட்டுவார்கள். வாய்க்காலின் சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையை நடலாம். மண் தூர்ந்தால் தண்ணீர் நின்று உப்பு மறுபடி ஏறும், எனவே தூர்வாரப் பணம் ஒதுக்காமல் வெட்டாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த திட்டாக இருந்தால், மண் பரிசோதனைக்கு முன் மண்வெட்டி போட வேண்டாம். கிளறினால் அடங்கிக் கிடக்கும் எண்ணெய் மேலே வரும், மூச்சுவேரை மூடும்.

கேள்வி: புதிய படகுத்துறைக்கு அடியில் வெளிச்சம் விட வேண்டுமா?

பதில்: முழுக்க மூடாதீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2017-இல் முடித்த எலியட் விரிகுடாக் கடற்சுவரில், கீழே உள்ள நீருக்கு வெளிச்சம் போக நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகள் பதித்தார்கள். கரையோரமாகப் போகும் சால்மன் குஞ்சு இருட்டைக் கண்டு நின்றுவிடுகிறது என்பதால் அந்த ஏற்பாடு. நம் களவாய் நிழலை விரும்பும் மீன். மேடையின் நடுவே கம்பிச்சல்லடைப் பட்டை ஒன்று வைத்தால் வெளிச்சம் தேடும் மீனுக்கும் நிழல் தேடும் மீனுக்கும் இடம் கிடைக்கும்.