சென்னையில் பிறந்த குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட்

வாழ்த்துகள் சகோ! நீங்கள் அமெரிக்கக் குடிமகன், மனைவி இந்தியர், குழந்தை பிறந்து மூன்று வாரம். எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஏற்றிவிடுங்கள். எங்கள் மகளுடையதில் அந்த இடம் காலியாக இருந்ததைக் கவனிக்காமல் இரண்டு வாரம் வீணாயிற்று.

அப்புறம் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவுக்கு (வெளிநாட்டில் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்று காட்டும் ஆவணம், CRBA) ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 100 டாலர். ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே துருவிப் பார்ப்பது நீங்கள் அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தைத்தான்: குழந்தை பிறக்குமுன் மொத்தம் 5 ஆண்டு, அதில் 2 ஆண்டாவது 14 வயதுக்குப் பிறகு. பழைய பள்ளி, கல்லூரி மதிப்பெண் பட்டியல்களை இப்போதே வரவழையுங்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள். அதில் இந்திய விசா இருக்காது. அதனால் எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம்) இந்தியாவிலிருந்து வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும்.